ஷோபானின் இருமல்

ஃபிரெடெரிக் ஷோபானுக்கு இரண்டு கல்லறைகள். உடல் பாரிஸில் பேர் லஷேஸ் இடுகாட்டில் இருக்கிறது. இதயம் மட்டும் போலந்தின் வார்சா நகரில், திருச்சிலுவைத் தேவாலயத்துத் தூண் ஒன்றுக்குள், மூடி முத்திரையிட்ட கண்ணாடிச் சாடியில் மிதந்துகொண்டிருக்கிறது. 1849-இல், 39 வயதில் அவர் இறந்தபோது இறப்புச் சான்றிதழில் எழுதப்பட்ட காரணம் காசநோய். ஆனால் அந்தச் சாவைப் பற்றி மருத்துவ இதழ்களில் விவாதம் நமது நூற்றாண்டிலும் தொடர்ந்திருக்கிறது. பியானோவுக்காகவே ஏறக்குறைய தன் இசை முழுவதையும் எழுதிய ஒரு மனிதரின் இருமல் எதனால் வந்தது என்பதில் இவ்வளவு பேருக்கு ஏன் அக்கறை?

நான் மருத்துவன் அல்ல. பொறியியலில் முதுகலை முடித்துவிட்டு மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். மேற்கத்திய இசையிலும் எனக்கு இருப்பது கேள்வி ஞானம்தான். ஷோபானைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தது அவருடைய இசைக்காக. தொடர்ந்து படித்தது அந்த இருமலுக்காக. அதற்கு என் தொழில் சார்ந்த காரணம் ஒன்று உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் அவருடைய வாழ்க்கை.

வார்சாவின் பிள்ளை

ஷோபான் என்பது பிரெஞ்சுப் பெயர். தந்தை நிக்கோலா, பிரான்சின் லொரேன் பகுதியிலிருந்து 1787-இல், 16 வயதில் போலந்துக்குப் போனவர். அங்கேயே தங்கி, பிரெஞ்சு ஆசிரியராகி, யுஸ்தினா என்ற போலந்துப் பெண்ணை மணந்தார். வேறு நாட்டில் பிழைக்கப் போய், அந்த நாட்டுக்காரராகவே மாறிவிட்டவர். பிள்ளைகளைப் போலிஷ் பேசித்தான் வளர்த்தார். மூத்தவள் லுத்விகா, அடுத்தது ஃபிரெடெரிக், பிறகு இசபெலா, கடைக்குட்டி எமிலியா.

ஃபிரெடெரிக் 1810-இல் ஷெலசோவா வோலா என்ற சிற்றூரில் பிறந்தார். தேதியிலேயே தகராறு. ஞானஸ்நானப் பதிவேடு பிப்ரவரி 22 என்கிறது, குடும்பத்தார் மார்ச் 1 என்று கொண்டாடினார்கள். சில மாதங்களில் குடும்பம் வார்சாவுக்குக் குடிபெயர்ந்தது. முதல் பியானோ ஆசிரியர் வொய்ச்செக் ஷிவ்னி. அவருடைய சொந்த வாத்தியம் வயலின். மாணவனின் கைகள் தானாகவே வழி கண்டுபிடிப்பதைப் பார்த்து, அதிகம் குறுக்கிடாமல் விட்டதுதான் அவர் செய்த பெரிய உபகாரம் என்று சொல்பவர்கள் உண்டு. 1817-இல், ஏழு வயதில், ஷோபானின் முதல் பொலோனேஸ் அச்சில் வந்தது. பிறகு யோசெஃப் எல்ஸ்னரிடம் இசையமைப்பு படித்தார்.

இருமலும் சின்ன வயதிலேயே ஆரம்பித்துவிட்டது. பையன் ஒல்லி. அடிக்கடி சளி, மூச்சுத் தொந்தரவு. 1826-இல் கழுத்தில் நெறி கட்டி, தலைவலியோடு மாதக்கணக்கில் படுத்தார். அந்தக் கோடையில் அம்மா அவரையும் எமிலியாவையும் ரைனெர்ட்ஸ் என்ற மலை ஊருக்கு அழைத்துப் போனார். கனிம ஊற்றுத் தண்ணீரும் பாலின் தெளிநீரும் குடிப்பதுதான் அங்கே சிகிச்சை. அண்ணனுக்கும் தங்கைக்கும் ஒரே மாதிரி இருமல்.

மறு ஆண்டு ஏப்ரலில் எமிலியா இறந்தாள். வயது 14. நாடகமும் கவிதையும் எழுதிக்கொண்டிருந்த பெண். வயிற்றுக்குள் ஏற்பட்ட பெரும் ரத்தப்போக்கு அவளைக் கொண்டுபோனது. அதற்கும் காசநோய் என்றே பெயர் வைத்தார்கள். இந்த ரத்தப்போக்கை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். 167 ஆண்டுகள் கழித்து ஒருவர் இதைத்தான் துருவுகிறார்.

பாரிஸில் ஒரு வாத்தியார்

1830 நவம்பர் 2-ஆம் தேதி ஷோபான் வார்சாவை விட்டுக் கிளம்பினார். நான்கு வாரங்களுக்குள் ரஷ்ய ஆட்சிக்கு எதிராக வார்சாவில் கிளர்ச்சி வெடித்தது. மறு ஆண்டு அது நசுக்கப்பட்டது. ஷோபான் திரும்பிப் போகவே இல்லை. போலந்து அகதிகள் குவிந்துகொண்டிருந்த பாரிஸுக்கு 1831 இலையுதிர் காலத்தில் வந்து சேர்ந்தார். பெற்றோரை அதன்பின் ஒரே ஒரு முறை, 1835-இல் கார்ல்ஸ்பாத் நகரில் சந்தித்தார். அதுவே கடைசி. அந்த நாட்டை விட்டு வந்தவர் அந்த நாட்டின் நாட்டுப்புற நடனங்களான மசூர்காக்களைப் பாரிஸில் உட்கார்ந்து வாழ்நாள் முழுக்க எழுதிக்கொண்டிருந்தார் என்பதை, வெளிநாட்டில் வாழும் நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

வாழ்நாளில் அவர் செய்த பொதுக் கச்சேரிகள் ஏறக்குறைய முப்பதுதான். லிஸ்ட் மாதிரி கூட்டத்தைக் கட்டிப்போடும் வாசிப்பு அவருடையது அல்ல. ஓசை போதவில்லை என்று 1829-இல் வியன்னாவிலேயே குறை சொன்னார்கள். நோயாளிக்குக் கையில் பலமில்லை, ஆகவே மென்மையாக வாசித்தார் என்று எழுதுபவர்கள் உண்டு. எனக்கு அது ஒப்புதல் இல்லை. மென்மைக்குள்ளேயே பல படிகளை வைத்து வாசிப்பது அவர் தேர்ந்தெடுத்த வழி. ஓப்பஸ் 53 பொலோனேஸை எழுதியவருக்கு முழக்கம் தெரியாமல் இல்லை. நோயைக் கலைக்குத் தாயாக்குவது ஒரு சௌகரியமான கதை. நோய் அவரிடமிருந்து மாதங்களைப் பிடுங்கியது, அவ்வளவுதான்.

வருமானம் பாடம் சொல்லிக்கொடுப்பதில் வந்தது. ஒரு பாடத்துக்கு 20 பிராங்க். சீமான் வீட்டுப் பெண்கள்தான் மாணவிகள். குளிர்காலங்களில் பாடம், கோடைகளில் எழுத்து என்று ஒரு ஒழுங்கு அமைந்தது. 1835 குளிர்காலத்தில் நோய் முற்றி, அவர் இறந்துவிட்டதாகவே வார்சாவில் செய்தி பரவியது. உள்ளூர்ப் பத்திரிகை மறுப்பு வெளியிட வேண்டியிருந்தது. மரியா வொஜின்ஸ்கா என்ற பெண்ணோடு 1836-இல் பேசி முடித்த திருமணம் மறு ஆண்டே நின்றுபோனதற்கு மாப்பிள்ளையின் உடல்நிலையும் ஒரு காரணம்.

இதே ஆண்டுகளில் அவரோடு ஒரே வீட்டில் தங்கியிருந்தவர் பள்ளித் தோழர் யான் மதுஷின்ஸ்கி. மருத்துவர். அவருக்குக் காசநோய். 1842-இல் ஷோபானின் கண் முன்னால் இறந்தார். காசநோய் ஒட்டுவாரொட்டி என்று பாரிஸ் மருத்துவர்கள் அன்று நம்பவில்லை. பரம்பரையாக வரும் உடல்வாகு என்று நினைத்தார்கள். கிருமியை ராபர்ட் கோக் கண்டுபிடித்தது 1882-இல்தான்.

ஒரே இருமல், இரண்டு பெயர்

1838-இல் எழுத்தாளர் ஜார்ஜ் ஸாந்த் அவர் வாழ்க்கையில் வந்தார். ஆண்பெயரில் எழுதி, ஆணுடை உடுத்தி, சுருட்டுப் பிடித்த பெண்மணி. குளிர்காலத்தை வெயிலில் கழித்தால் நல்லது என்று, அவருடைய இரண்டு பிள்ளைகளோடு எல்லோரும் ஸ்பெயினின் மயோர்க்கா தீவுக்குப் போனார்கள். கிளம்புவதற்கு முன் கோபேர் என்ற மருத்துவர் ஷோபானைப் பரிசோதித்து, இது காசநோய் இல்லை என்று ஸாந்திடம் உறுதியாகச் சொல்லி அனுப்பினார்.

தீவில் மழைக்காலம் வந்ததும் இருமல் கூடியது. உள்ளூர் மருத்துவர்கள் மூவர் வந்தார்கள். ஒருவர் சளியை மோந்தார், ஒருவர் மார்பைத் தட்டினார், ஒருவர் காது வைத்துக் கேட்டார். மூவரையும் கிண்டல் செய்து ஷோபான் பாரிஸ் நண்பருக்குக் கடிதம் எழுதினார். ரத்தம் வெளியேற்றும் சிகிச்சைக்கு மட்டும் மறுத்துவிட்டார். ஆனால் அவர்களுடைய முடிவு ஊருக்குள் பரவிவிட்டது. காசநோய்.

ஸ்பெயினில் அது தொற்றுநோய் என்று சட்டமே சொன்னது. வீட்டுக்காரர் உடனே காலி செய்யச் சொன்னார். படுக்கையை எரிப்பதற்கும் சுவருக்கு வெள்ளையடிப்பதற்கும் காசு கேட்டார். அவர்கள் வல்தெமோஸா என்ற மலைக் கிராமத்தில் துறவிகள் காலி செய்துவிட்டுப் போன மடத்தில் தஞ்சம் புகுந்தார்கள். பாரிஸிலிருந்து வந்த பியானோ சுங்கத்தில் பல வாரம் சிக்கிக் கிடந்தது. அந்த ஈரமான அறையில்தான் 24 பிரெலூட்கள் முடிந்தன. 1839 பிப்ரவரியில் திரும்பும்போது, பன்றிகளை ஏற்றிச் செல்லும் கப்பலில் பயணம். ஷோபான் ரத்தம் ரத்தமாகத் துப்பினார். பார்சலோனாவில் விடுதிக்காரரும் அவர் படுத்த கட்டிலுக்குக் காசு கேட்டார்.

அதே ஆண்டு கோடையில் பிரான்சின் நோஆன் கிராமத்தில், ஸாந்தின் வீட்டில், பாப்பே என்ற மருத்துவர் பரிசோதித்தார். நுரையீரலில் ஒன்றும் இல்லை, தொண்டையில் ஒரு நாள்பட்ட உபாதை மட்டுமே என்றார். ஒரே மனிதர், ஒரே இருமல். கடலுக்கு அந்தப் பக்கம் தீண்டத்தகாதவர், இந்தப் பக்கம் சளி பிடித்தவர். பெயர் மாறினால் வாழ்க்கையே மாறுகிறது.

நோஆனில் கழித்த கோடைகள்தான் அவர் அதிகம் எழுதிய காலம். 170 செ.மீ. உயரம், 1840-இல் எடை 45 கிலோவுக்கும் குறைவு. கொழுப்புள்ள உணவு, முக்கியமாகப் பன்றி இறைச்சி, ஒத்துக்கொள்ளாது. வயிற்றுப்போக்கு வரும். மீனும் கோழியும் ரொட்டியும்தான் சாப்பாடு. 1844-இல் தந்தை 73 வயதில் இறந்தார் என்ற செய்தி வந்தது. அதிர்ச்சியில் படுத்த தம்பியைப் பார்க்க அக்கா லுத்விகா வார்சாவிலிருந்து வந்தாள். 1847-இல், ஸாந்தின் மகள் திருமணத்தில் ஏற்பட்ட குடும்பச் சண்டையில், ஒன்பது ஆண்டு உறவு முறிந்தது.

மீதி இரண்டு வருடம் சரிவுதான். 1848 பிப்ரவரி 16-இல் பாரிஸில் கடைசிக் கச்சேரி. அடுத்த வாரம் புரட்சி. மாணவிகள் ஊரைவிட்டுப் போய்விட்டார்கள், வருமானம் நின்றது. ஸ்காட்லாந்து மாணவி ஜேன் ஸ்டர்லிங் அவரை பிரிட்டனுக்கு அழைத்துப் போனார். நிலக்கரிப் புகையும் பனிமூட்டமும் அந்த நுரையீரலுக்கு என்ன செய்திருக்கும் என்று சொல்ல வேண்டாம். மாடிப்படிகளில் வேலையாள் தானியேல் அவரைத் தூக்கிக்கொண்டு போனார். நவம்பர் 16 அன்று லண்டன் கில்ட்ஹாலில், போலந்து அகதிகளுக்கு நிதி திரட்டும் நிகழ்ச்சியில் வாசித்தார். மேடையில் அதுவே கடைசி.

1849 அக்டோபர் 17 விடியும் முன், பாரிஸில் இறந்தார். லுத்விகா பக்கத்தில் இருந்தாள். உயிரோடு புதைத்துவிடுவார்களோ என்ற பயம் அவருக்கு இருந்தது. ஆகவே தன் உடலைத் திறக்கும்படி கேட்டுக்கொண்டிருந்தார். திறந்தவர் ழான் க்ருவேய்யே. அன்றைய பிரான்சின் மிகப் பெரிய நோய்க்கூறு வல்லுநர். காசநோய் நுரையீரல்களை எத்தனையோ அறுத்துப் பார்த்தவர். அவருடைய அறிக்கை இன்று கிடைக்கவில்லை. ஆனால் ஷோபானுக்கு நெருக்கமானவர்களின் கடிதங்கள் மூலம் ஒரு தகவல் மட்டும் தங்கிவிட்டது. இதயம் நுரையீரலைவிட மோசமாக இருந்தது, தான் இதுவரை பார்க்காத நோய் இது என்று அவர் கருதினாராம்.

இதயத்தைச் சாடியில் போட்டு, அனேகமாக கோன்யாக் பிராந்தி ஊற்றி மூடினார்கள். லுத்விகா அதை உடைக்குள் மறைத்து, எல்லைக் காவலர்களைத் தாண்டி, 1850-இல் வார்சாவுக்குக் கொண்டுபோனாள்.

மால்மோவில் ஐந்து பட்டைகள்

இப்போது ஒரு நூற்றாண்டைத் தாண்டி ஸ்வீடனுக்குப் போக வேண்டும். 1963. மால்மோ நகரில் கார்ல்-பெர்டில் லாரெல் என்பவர் ரத்தப் புரதங்களை மின்புலத்தில் ஓடவிட்டுப் பிரிக்கும் சோதனைத் தாள்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு புரதமும் ஒரு பட்டையாகத் தெரியும். சுமார் 1500 தாள்களில் ஐந்தில் ஒரு பட்டையைக் காணவில்லை. இளம் மருத்துவர் ஸ்டென் எரிக்சனோடு சேர்ந்து அந்த ஐவரைத் தேடிப் போனார். மூவருக்குச் சின்ன வயதிலேயே நுரையீரலின் காற்றறைகள் சிதைந்திருந்தன.

காணாமல் போன புரதத்தின் பெயர் ஆல்ஃபா-1 ஆன்டிட்ரிப்சின். இதைக் கல்லீரல் தயாரிக்கிறது, ரத்தம் நுரையீரலுக்கு எடுத்துப் போகிறது. நுரையீரலில் கிருமிகளோடு சண்டை போட வரும் வெள்ளணுக்கள் எலாஸ்டேஸ் என்ற நொதியைக் கொட்டுகின்றன. அது கிருமியை மட்டுமல்ல, காற்றறைகளின் மீள்தன்மையுள்ள நார்களையும் அரித்துவிடும். அதைத் தடுக்கும் காவல்காரன்தான் இந்தப் புரதம். காவல்காரன் இல்லாத வீட்டில், ஒவ்வொரு சளியும் ஒவ்வொரு புகையும் சுவரில் கொஞ்சம் பெயர்த்துக்கொண்டு போகும்.

1969-இல் இன்னொரு பாதி தெரியவந்தது. இதே குறை உள்ள சில குழந்தைகளுக்குக் கல்லீரல் சுருங்கிக் கெட்டிப்படுகிறது. எழுத்துப்பிழையுள்ள புரதம் சரியாக மடியாமல் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு கல்லீரலுக்குள்ளேயே தேங்குகிறது. அங்கே தேக்கத்தால் சேதம், இங்கே பற்றாக்குறையால் சேதம். ஒரே பிழைக்கு இரண்டு உறுப்புகள் பலி. கல்லீரல் கெட்டுப்போனால் உணவுக்குழாயின் ரத்தநாளங்கள் புடைத்து, ஒருநாள் வெடித்து, வயிற்றுக்குள் பெரும் ரத்தப்போக்கு ஏற்படலாம்.

1994-இல் குஸெம்கோ என்ற மருத்துவர் பிரிட்டனின் ராயல் மருத்துவச் சங்கத்தின் இதழில் கேட்டது இதைத்தான். அண்ணனுக்கு நுரையீரல். தங்கைக்கு ரத்தப்போக்கு. இன்னொரு சகோதரி இசபெலாவுக்கு அப்படி எதுவும் இல்லை. பெற்றோர் இருவரும் வயதாகித்தான் இறந்தார்கள். தாயும் தந்தையும் பிழையான பிரதி ஒன்றை மட்டும் சுமந்தவர்களாக இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டு பிழைகளும் சேர்ந்து வர நான்கில் ஒரு வாய்ப்பு. ஷோபானுக்கு இருந்தது ஆல்ஃபா-1 ஆன்டிட்ரிப்சின் குறைபாடாக இருக்கலாமா? அதற்கு ஏழு ஆண்டுகள் முன்னால், 1987-இல், ஓ'ஷே என்பவர் இன்னொரு பரம்பரை நோயான சிஸ்டிக் ஃபைப்ரோசிஸைச் சொல்லியிருந்தார். கொழுப்பு ஒத்துக்கொள்ளாமை அதற்குத்தான் நன்றாகப் பொருந்துகிறது.

தமிழ் வாசகர்களுக்கு இங்கே ராமானுஜன் நினைவுக்கு வரலாம். அவருக்கும் காசநோய் என்றே வைத்தியம் பார்த்தார்கள், 1920-இல் 32 வயதில் இறந்தார். அவருக்கு இருந்தது கல்லீரலைத் தாக்கிய அமீபா நோயாக இருக்கலாம் என்று யங் என்ற ஆய்வாளர் எழுதியதும் அதே 1994-இல்தான்.

வேறு எதுவும் இல்லையென்றால்

என் தொழிலுக்கு வருகிறேன். சில ஆண்டுகளுக்கு முன், ஒரு பரிசோதனைக்கூடத்தின் மரபணு முடிவுகளை மருத்துவர் படிக்கும் அறிக்கையாக மாற்றும் மென்பொருளில் கொஞ்ச காலம் வேலை பார்த்தேன். பெயர் இங்கே முக்கியமில்லை. பட்டியலில் இருந்த சோதனைகளில் ஒன்று இந்தக் குறைபாட்டுக்கானது.

இந்தப் புரதத்தின் வகைகளுக்கு எழுத்துகளால் பெயர். மின்புலத்தில் நடுத்தர வேகத்தில் ஓடுவது எம், அதுதான் இயல்பானது. மெதுவாக ஓடுவது எஸ். மிக மெதுவாக ஓடுவது இசட். கடும் நோய்க்குப் பெரும்பாலும் காரணம் இரண்டு பிரதிகளும் இசட்டாக இருப்பது. 394 அமினோ அமிலங்கள் கொண்ட சங்கிலியில், 342-ஆம் இடத்தில் குளூட்டமிக் அமிலத்துக்குப் பதில் லைசின். ஓர் எழுத்துப் பிழை.

எனக்குக் கொடுத்த விதிமுறை எளிமையானது. இசட் இருக்கிறதா? இருந்தால் எழுது. எஸ் இருக்கிறதா? இருந்தால் எழுது. இரண்டும் இல்லையென்றால் எம் என்று எழுது. நிரல் எழுதுகிறவர்களுக்கு இது தினசரிச் சோறு. எல்லா நிபந்தனைகளும் தோற்றபின் கடைசியில் வரும் கிளை. அந்தக் கூடத்தின் விஞ்ஞானியிடம், எம் என்பதை எந்த இடத்தில் சோதிக்கிறீர்கள் என்று கேட்டேன். சோதிப்பதில்லை என்றார் அந்த அம்மையார். எஸ்ஸும் இசட்டும் இல்லை என்பதற்குத்தான் எம் என்று பெயர்.

பிறகு அவரே விளக்கினார். இந்த மரபணுவில் எஸ், இசட் தவிர நோய் தரும் அரிய வகைகள் நிறைய உண்டு. பலவற்றுக்கு ஊர்ப்பெயரை ஒட்டிய பெயர்கள். எம்-மால்டன் என்ற வகையில் ஒரு அமினோ அமிலம் விடுபட்டிருக்கிறது. அது இசட்டைப் போலவே கல்லீரலில் தேங்கும், ஆனால் மின்புலத்தில் எம்மைப் போலவே ஓடிக் கண்ணில் மண்ணைத் தூவும். சார்டீனியாவிலும் டுனீசியாவிலும் அதிகம் காணப்படுவது அதுதான். ஜப்பானில் இசட் மிக அரிது; அங்கே எஸ்-ஈயாமா. சூன்யம் என்ற ஒரு குடும்பமே இருக்கிறது. அவற்றில் புரதம் உருவாவதே இல்லை. தேங்குவதற்கு எதுவும் இல்லாததால் கல்லீரல் தப்பித்துவிடும், நுரையீரல் முழுதாக மாட்டிக்கொள்ளும். எஸ்ஸையும் இசட்டையும் மட்டும் தேடும் சோதனையில் இவை எல்லாமே எம் என்று அச்சாகி வெளியே வரும்.

ரத்தத்தில் புரதத்தின் அளவையும் அளந்தால் பிடித்துவிடலாம். எழுத்து எம், அளவோ மிகக் குறைவு என்றால், மரபணு முழுவதையும் படித்துப் பார்க்க வேண்டும். நல்ல கூடங்கள் அப்படித்தான் செய்கின்றன. அந்த அறிக்கையில் எம் என்பதை எடுத்துவிட்டு, எஸ், இசட் காணப்படவில்லை என்று அச்சிடலாமே என்று கேட்டுப் பார்த்தேன். மருத்துவர்கள் எழுத்தைத்தான் எதிர்பார்க்கிறார்கள் என்று நிர்வாகத்திலிருந்து பதில் வந்தது. நான் வேறு வேலைக்குப் போகும்வரை அது மாறவில்லை.

இதற்குப் பிறகுதான் ஷோபானின் கதை எனக்கு வேறு மாதிரித் தெரிய ஆரம்பித்தது. கண்டுபிடித்து எழுதிய பெயரும், வேறு எதுவும் தோன்றாததால் எழுதிய பெயரும் தாளில் ஒரே மாதிரிதான் இருக்கின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இளைத்து இருமி ரத்தம் துப்பிய எல்லோருக்கும் கடைசிக் கிளை காசநோய். இன்று அந்த இடத்தில் ஆஸ்துமா இருக்கிறது, புகைபிடித்ததால் வந்த நுரையீரல் நோய் இருக்கிறது, குடியால் கெட்ட கல்லீரல் இருக்கிறது. குடிக்காதவர் வீட்டிலும் அந்தச் சந்தேகம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. இந்தக் குறைபாடு உள்ளவர்களில் பத்தில் ஒருவர்கூடக் கண்டறியப்படுவதில்லை என்பது பொதுவான மதிப்பீடு. அப்படிக் கண்டறியப்படுபவர்களும் முதல் மூச்சிரைப்புக்குப் பிறகு பல ஆண்டுகள் வேறு பெயரோடு வாழ்ந்தவர்களே.

தூணுக்குள் இருப்பது

சரி, சாடியைத் திறந்து பார்த்துவிடலாமே? 2008-இல் ஆராய்ச்சியாளர்கள் மரபணுச் சோதனைக்கு அனுமதி கேட்டார்கள். போலந்து அரசு மறுத்துவிட்டது. அந்த நாட்டுக்கு அது வெறும் தசை அல்ல. 1944 வார்சா எழுச்சியின்போது ஜெர்மானியர் கைக்குப் போய், போர் முடிந்தபின் 1945-இல், ஷோபானின் நினைவு நாளன்று, தேவாலயத்துக்குத் திரும்பிய இதயம்.

2014 ஏப்ரல் 14 இரவு, தேவாலயத்தைப் பூட்டிக்கொண்டு, 13 பேர் முன்னிலையில் அதை வெளியே எடுத்தார்கள். பேராயரும் கலாசார அமைச்சரும் அவர்களில் அடக்கம். சாடியைத் திறக்கவில்லை. கண்ணாடி வழியே பார்த்தார்கள், ஆயிரத்துக்கும் மேல் படம் எடுத்தார்கள், மூடியைச் சுற்றி மெழுகு பூசி மறுபடி வைத்துவிட்டார்கள். மிகாவ் விட் தலைமையிலான குழு 2017-இல் முடிவை வெளியிட்டது. இதயம் மிகவும் பெருத்துத் தொளதொளவென்று இருக்கிறது. மேலே உறைபனி படிந்தது போல வெண்ணிற நார்ப்படலம். காசநோய் முற்றி, இதயத்தின் உறையைத் தாக்கியதன் அடையாளம் அது என்பது அவர்கள் கருத்து. கண்ணாடிக்கு வெளியிலிருந்து பார்த்து அவ்வளவு சொல்ல முடியுமா என்று கேட்டவர்களும் உண்டு.

என்னைக் கேட்டால், தராசு காசநோய்ப் பக்கம்தான் சாய்கிறது. குடும்பத்தில் இருவருக்கு இருமல், கழுத்தில் நெறி, காசநோயாளியோடு ஒரே வீட்டு வாசம், இருபது ஆண்டு ரத்தத் துப்பல், இப்போது இந்த வெண்படலம். ஆல்ஃபா-1 குறைபாட்டில் நுரையீரல் நோய் சிறு வயதில் தொடங்குவது வழக்கமில்லை, ரத்தம் துப்புவதும் அதன் வழக்கமான அடையாளம் அல்ல. எமிலியாவின் ரத்தப்போக்கு மட்டும் உறுத்தலாக மிஞ்சுகிறது. குஸெம்கோ தவறாகவே இருக்கலாம். ஆனால் கடைசிக் கிளையில் விழுந்த பெயரை எடுத்து, இது கண்டுபிடித்ததா, விட்டுப்போனதா என்று அவர் கேட்ட கேள்வி தவறானது அல்ல. மயோர்க்காவில் அந்தப் பெயருக்காகப் படுக்கையை எரித்தார்கள். பிரான்சில் அதே பெயரை மறுத்து நிம்மதியாக இருந்தார்கள். இரண்டு இடத்திலும் யாரும் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

ஷோபானுக்கு இனி எதுவும் செய்ய வேண்டியதில்லை. உயிரோடிருப்பவர்களுக்குச் செய்ய இருக்கிறது. 1987 முதல் இந்தப் புரதத்தைத் தானம் பெற்ற ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்து நுரையீரல் நோயாளிகளுக்கு ஏற்றும் சிகிச்சை அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்டிருக்கிறது. இழந்த காற்றறைகள் திரும்பி வரா, ஆனால் இழப்பின் வேகம் குறையும். அதைவிட எளிமையானது, விஷயம் தெரிந்தவர் புகையை விட்டு விலகியிருப்பது, உடன்பிறந்தவர்களும் சோதித்துக்கொள்வது. நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ள ஒவ்வொருவரும் வாழ்நாளில் ஒரு முறை இந்தச் சோதனையைச் செய்துகொள்ள வேண்டும் என்று மருத்துவ அமைப்புகள் பரிந்துரைக்கின்றன. இசட் வகை தெற்காசியரிடம் அரிது என்பது உண்மை. அதனாலேயே, நம்மில் ஒருவருக்கு இந்தக் குறை இருந்தால், எஸ்ஸையும் இசட்டையும் மட்டும் தேடும் சோதனை கைவிடக்கூடும். வீட்டில் நாற்பது வயதில் மூச்சு வாங்குபவரோ, மஞ்சள் காமாலை நீண்ட நாள் இறங்காத பச்சைக் குழந்தையோ இருந்து, மருத்துவர் இந்தச் சோதனைக்கு எழுதினால், எழுத்தோடு அளவையும் கேளுங்கள். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் மரபணு முழுவதையும் படிக்கச் சொல்லுங்கள்.

லுத்விகா தன் உடைக்குள் மறைத்துக் கொண்டுபோன சாடி இன்னும் மூடியே இருக்கிறது. என்றாவது அதைத் திறந்து ஒரு துணுக்குத் திசுவைப் படித்தால், தம்பிக்கு என்ன என்பது ஒருவேளை தெரியும். பதினான்கு வயதில் போன எமிலியாவுக்கு என்ன என்பதும் அப்போதுதான் கொஞ்சமாவது தெரியவரும். அவளைப் பற்றி யாரும் ஒரு சாடிகூட எடுத்து வைக்கவில்லை.